போட்டியாளரைக் கலாய்க்கும் கைத்தொலைபேசி விளம்பரங்கள்: சிரிக்கலாம்... எவ்வளவு நம்பலாம்?

புதிய கைத்தொலைபேசி வெளியாகும் ஒவ்வொரு முறையும் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, கடைவாசலில் வரிசை. இன்னொன்று, அந்த வரிசையைக் கிண்டல் செய்து போட்டி நிறுவனம் வெளியிடும் விளம்பரம்.

நீங்களும் அப்படி ஒன்றைப் பார்த்திருப்பீங்க. சிரிச்சிருப்பீங்க. நண்பர்களுக்கு அனுப்பியும் இருப்பீங்க. அதற்குப் பிறகு, 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தச் சிரிப்பு உங்கள் முடிவைக் கொஞ்சமாவது மாற்றியதா?

நகைச்சுவை விளம்பரங்கள் எப்படி வேலை செய்கின்றன? எங்கே சறுக்குகின்றன? வாங்குபவராக நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கைத்தொலைபேசியை விற்க ஏன் சிரிப்பு?

காரணம் எளிது. நடுத்தர விலையில் உள்ள 4 கைத்தொலைபேசிகளை மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் கறுப்புத் திரை, பின்னால் சில கேமராக்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம்.

வேறுபாடுகள் உள்ளே இருக்கின்றன. சில்லு, நினைவகம், மின்கலம் என்று பட்டியல் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அதையே ஒரு குட்டிக் கதையாக, கடைசியில் ஒரு சிரிப்போடு சொன்னால் மனத்தில் நிற்கும்.

கண்ணுக்கே தெரியாத சேவைகளுக்கு இது இன்னும் பொருந்தும். இந்தியாவின் ஜூஜூக்கள் நல்ல எடுத்துக்காட்டு. 2009ஆம் ஆண்டு ஐபிஎல் கிரிக்கெட் போட்டிகள் தென்னாப்பிரிக்காவில் நடந்தன. அப்போது வோடஃபோன் நிறுவனம் குட்டிக் குட்டி விளம்பரங்களை ஒளிபரப்பியது. முட்டை வடிவத் தலையோடு வெள்ளை உருவங்கள். வசனம் கிடையாது. புரியாத மொழியில் ஏதோ சத்தம் மட்டும் போடும். ஒவ்வொரு விளம்பரமும் ஒரே ஒரு சேவையை விளக்கும்.

பலரும் அவற்றைக் கணினியில் வரைந்த உருவங்கள் என்று நினைத்தார்கள். ஆனால் உள்ளே இருந்தது மனிதர்கள். கேப் டவுன் நகரில் நடிகர்களுக்கு வெள்ளை உடை மாட்டிப் படம்பிடித்தார்கள். உருவங்கள் சிறியதாகத் தெரிவதற்காக, சுற்றியுள்ள பொருள்களைப் பெரியதாகச் செய்தார்கள். மொழி இல்லாததால் சென்னையிலும் புரிந்தது, டில்லியிலும் புரிந்தது. பல மொழி பேசும் நாட்டில் அது பெரிய லாபம்.

கிண்டல் எப்போது தொடங்கியது?

தொழில்நுட்ப விளம்பரங்களின் வரலாற்றைப் பேசுவோர் 1984ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவார்கள். அந்த ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, அமெரிக்கக் காற்பந்தின் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தின்போது ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்கான விளம்பரத்தை ஒளிபரப்பியது. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். ஒரு பெண் ஓடிவந்து, ராட்சதத் திரைமீது சுத்தியலை வீசுவார். திரையில் பேசிக்கொண்டிருந்தவர் யார்? பெயர் சொல்லவில்லை. ஆனால் அது அப்போதைய கணினி ஜாம்பவான் ஐபிஎம்மைத்தான் குறிக்கிறது என்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அதில் சிரிப்பு இல்லை. சிரிப்பு வந்தது 2006இல். வெள்ளைப் பின்னணியில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் தன்னை 'மேக்' என்று அறிமுகம் செய்துகொள்வார். இளைஞர், சாதாரண உடை. இன்னொருவர் 'பிசி'. கோட்டு, கண்ணாடி, கொஞ்சம் பதற்றம். ஒரு விளம்பரத்தில் பிசி தும்மிக்கொண்டே இருப்பார். கேட்டால், வைரஸ்! அவ்வளவுதான் விளம்பரம். 2009 வரை இப்படி 66 விளம்பரங்கள் வந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேக்காக நடித்தவர் ஜஸ்டின் லாங். 2021இல் இன்டெல் நிறுவனம் அவரையே அழைத்துவந்து, பிசிதான் சிறந்தது என்று பேசவைத்தது! விளம்பரத்தில் வருபவர் சொல்வது அவருடைய சொந்தக் கருத்தா என்று இனி யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசி உலகில் இந்தப் பாணியைப் பெரிய அளவில் கையில் எடுத்தது சாம்சங். 2011 நவம்பரில் வந்த அதன் விளம்பரம், புதிய கைத்தொலைபேசிக்காகக் கடைக்கு வெளியே காத்துக் கிடக்கும் கூட்டத்தைக் காட்டியது. அந்த வழியாகப் போகும் ஒருவர் கையில் கேலக்ஸி இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் அதையே வெறித்துப் பார்ப்பார்கள். ஆப்பிள் என்ற பெயர் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை.

2017 நவம்பரில் வந்தது இன்னும் கூர்மை. 2007இலிருந்து ஐஃபோனையே வாங்கும் ஓர் இளைஞரின் 10 ஆண்டுக் கதை. படம் எடுக்க இடம் போதாது, ஹெட்ஃபோனை மாட்டத் தனி இணைப்பு வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு சலிப்பு. கடைசியில் அவர் சாம்சங்குக்கு மாறுவார். வெளியே வரிசையில் நிற்கும் ஒருவரின் தலைமுடி, ஐஃபோன் எக்ஸ் திரையின் மேல் உள்ள வெட்டைப் போலவே வெட்டப்பட்டிருக்கும்!

சிங்கப்பூரில் இப்படி ஏதாவது நடந்ததா?

நடந்தது. அதிலும் ஒன்று உலகப் புகழ்பெற்றது.

2014 செப்டம்பரில் இக்கியா ஒரு காணொளியை வெளியிட்டது. ஆப்பிள் தன் புதிய சாதனங்களை அறிமுகம் செய்யும் அதே பாணி: வெண்மையான பின்னணி, மென்மையான இசை, பயபக்தியோடு பேசும் நிபுணர். மின்கம்பி வேண்டாம், மின்கலம் தீரவே தீராது, தொட்டால் பக்கம் புரளும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். எந்தச் சாதனம் அது? 328 பக்கங்கள் கொண்ட இக்கியாவின் அச்சிட்ட பொருள் பட்டியல் புத்தகம்!

சிங்கப்பூர், மலேசிய இக்கியா கடைகளுக்காக இங்குள்ள பிபிஎச் விளம்பர நிறுவனம் அதைத் தயாரித்தது. உலகம் முழுவதும் மில்லியன்கணக்கானோர் பார்த்தார்கள். பொருளை யாரும் தாழ்த்திப் பேசவில்லை. பேசும் தோரணையை மட்டுமே கிண்டல் செய்தார்கள். அதனால் ஆப்பிள் ரசிகர்களாலும் சிரிக்க முடிந்தது.

இன்னொன்று 2018 செப்டம்பரில் ஆர்ச்சர்ட் சாலையில் நடந்தது. புதிய ஐஃபோன் வாங்க ஆப்பிள் கடைக்கு வெளியே பலர் வரிசையில் காத்திருந்தார்கள். அங்கே வந்த ஹுவாவே ஊழியர்கள் 200 'பவர் பேங்க்' கருவிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். இது உங்களுக்குத் தேவைப்படும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. உங்கள் புதிய கைத்தொலைபேசியின் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்களுக்கோ இலவசப் பொருள். யார் வேண்டாம் என்பார்கள்? தொலைக்காட்சி விளம்பரத்துக்குச் செலவழிக்காமலேயே உலகச் செய்தியானது.

கிண்டல் திரும்பி அடித்தால்?

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. அடுத்தவரைப் பார்த்துச் சிரித்த நிறுவனங்கள், கொஞ்ச நாள் கழித்து அதே காரியத்தைச் செய்த வரலாறு நீளமானது.

• ஹெட்ஃபோன் ஜாக்: 2016 செப்டம்பரில் ஐஃபோன் 7இலிருந்து ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. அடுத்த மாதமே கூகுள் தன் பிக்சல் விளம்பரத்தில், எங்களிடம் அது இருக்கிறது என்று குத்திக்காட்டியது. 2017இல் வந்த பிக்சல் 2இல் ஜாக் இல்லை.

• சாம்சங்கும் விடவில்லை. 2018இல் வெளியிட்ட ஒரு விளம்பரத் தொடரில், ஹெட்ஃபோனுக்குத் தனி இணைப்பு வாங்கவேண்டிய ஆப்பிள் வாடிக்கையாளர்களைக் கேலி செய்தது. 2019 ஆகஸ்ட்டில் நோட் 10 வந்தது. அதிலும் ஜாக் இல்லை. கேலிக் காணொளிகள் நிறுவனத்தின் யூடியூப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் மறைந்தன.

• சார்ஜர்: 2020 அக்டோபரில் ஐஃபோன் 12 சார்ஜர் இல்லாமல் வந்தது. சாம்சங்கும் சியாவ்மியும் சமூக ஊடகத்தில் கிண்டல் செய்தன. டிசம்பரில் சியாவ்மி அறிமுகம் செய்த மி 11இன் வழக்கமான பெட்டியில் சார்ஜர் இல்லை. வேண்டுமென்று கேட்பவர்களுக்குச் சீனாவில் அது தனியாகக் கிடைத்தது. 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. சாம்சங்கின் கிண்டல் பதிவு அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது.

• தனிமனித ரகசியம்: 2019 ஜனவரியில் லாஸ் வேகஸ் தொழில்நுட்பக் கண்காட்சி நடந்த சமயத்தில் ஆப்பிள் பெரிய விளம்பரப் பலகை வைத்தது. ஐஃபோனில் நடப்பது ஐஃபோனுக்குள்ளேயே இருக்கும் என்று, அந்த நகரத்தைப் பற்றிய பிரபல வாசகத்தை மாற்றி எழுதியிருந்தது. அதே மாதக் கடைசியில் ஃபேஸ்டைமில் ஒரு கோளாறு வெளியானது. எதிர்முனையில் இருப்பவர் அழைப்பை எடுப்பதற்கு முன்பே அவர் பேசுவதைக் கேட்க முடிந்தது!

• புத்தாண்டு வாழ்த்து: 2019 பிறந்தபோது ஹுவாவே டுவிட்டரில் வாழ்த்துச் சொன்னது. கீழே சிறிய எழுத்தில், ஐஃபோனிலிருந்து அனுப்பப்பட்டது என்று தெரிந்தது. அது விளம்பரமே அல்ல. ஆனாலும் அந்த ஆண்டின் முதல் நகைச்சுவை அதுதான். பொறுப்பான ஊழியர்கள் இருவரின் சம்பளம் குறைக்கப்பட்டது. அவர்களுக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்காது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம்? இன்று ஒரு நிறுவனம் பெருமையாகக் காட்டும் அம்சம், அதன் அடுத்த கைத்தொலைபேசியில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே ஓர் அம்சத்துக்காக நிறுவனத்தையே மாற்றும் எண்ணம் இருந்தால் இதை மனத்தில் வையுங்கள்.

சிரிப்பு யாருடைய செலவில்?

போட்டி நிறுவனத்தைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறொன்று.

2019 ஜூலையில் சிங்கப்பூரில் இ-பே மின்னியல் கட்டணச் சேவைக்கு ஒரு விளம்பரம் வந்தது. உணவங்காடிகளிலும் காப்பிக் கடைகளிலும் எல்லாரும் அந்தச் சேவையைப் பயன்படுத்தலாம் என்பதுதான் செய்தி. நோக்கம் நல்லதுதான். ஆனால் சீனரான நடிகர் டெனிஸ் சியூ ஒருவரே பல வேடங்களில் தோன்றினார். அதில் ஒருவர் முக்காடு அணிந்த மலாய்ப் பெண். இன்னொருவர் இந்தியர். அந்த வேடத்துக்காக அவருடைய தோல் கறுப்பாக்கப்பட்டிருந்தது.

பலருக்கு அது சிரிப்பை வரவழைக்கவில்லை. பள்ளியில் நிறத்தை வைத்துக் கேலி செய்யப்பட்டவர்களுக்கு அது பழைய வலி. இந்தியரைக் காட்ட இந்திய நடிகர் ஒருவரை ஏன் அழைக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. நெட்ஸ் நிறுவனமும், விளம்பரத்தைத் தயாரித்தவர்களும், நடிகரை நிர்வகிக்கும் மீடியாகார்ப்பின் பிரிவும், நடிகரும் மன்னிப்புக் கேட்டார்கள். அதைக் கண்டித்துப் பிரீத்தி நாயரும் சுபாஸ் நாயரும் வெளியிட்ட காணொளியில் தகாத சொற்கள் இருந்தன. அவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். காவல்துறை அவர்களுக்கு நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை விடுத்தது. இனம் பற்றிய ஒரு பெரிய உரையாடல், ஒரு கட்டணச் சேவை விளம்பரத்திலிருந்து தொடங்கியது.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2024இல் மட்டும் ஆப்பிள் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டது.

மே மாதம் ஐபேட் புரோ விளம்பரம். பியானோ, கிட்டார், சாயக் குவளைகள் எல்லாவற்றையும் ஒரு ராட்சத இயந்திரம் நசுக்கும். இயந்திரம் மேலே போனதும் அடியில் மெல்லிய ஐபேட் மட்டும் இருக்கும். எல்லாத் திறனும் இதற்குள் அடக்கம் என்று சொல்ல நினைத்தார்கள். கலைஞர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. செயற்கை நுண்ணறிவு தங்கள் வேலையைப் பறிக்குமோ என்ற பயம் இருந்த நேரம் அது. இசைக்கருவி நொறுங்குவதைப் பார்த்தவர்கள் கொதித்தார்கள்.

அடுத்தது, தாய்லந்தில் படமாக்கப்பட்ட 10 நிமிட நகைச்சுவைக் காணொளி. விமான நிலையம், வாகனம், உடை எல்லாம் பல ஆண்டு பழையதாகக் காட்டப்பட்டன. எங்கள் நாடு இப்படியா இருக்கிறது என்று தாய்லந்து மக்கள் கேட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆப்பிள் அதை மீட்டுக்கொண்டது.

சிரிப்புக்குள் மறைவது என்ன?

வாங்குபவருக்கு முக்கியமான பகுதி இதுதான்.

கைத்தொலைபேசியோடு நீச்சல் குளத்தில் குதிக்கும் காட்சியைப் பார்த்திருப்பீங்க. ஜாலியாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் சாம்சங் அப்படிப்பட்ட விளம்பரங்களைக் குளத்திலும் கடலிலும் எடுத்து வெளியிட்டது. நனைந்த நிலையில் சார்ஜ் செய்தால் மின்னூட்டும் துளை அரிக்கப்படலாம் என்பது அதில் இல்லை. 2022இல் நீதிமன்றம் 14 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020இல் இத்தாலி, ஐஃபோன் தண்ணீரைத் தாங்கும் என்ற விளம்பரங்களுக்காக ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் சொன்னது. தண்ணீரால் வந்த பாதிப்பை உத்தரவாதம் ஏற்கவில்லை.

கேமரா விளம்பரங்களிலும் கவனம் தேவை. 2012இல் நோக்கியா லூமியா 920க்கு ஒரு காணொளி வந்தது. சைக்கிளில் போகும் பெண்ணைக் கொஞ்சமும் ஆடாமல் படம் பிடித்திருந்தார்கள். கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் இருந்த வண்டியின் கண்ணாடியில், பெரிய கேமராவோடு ஒருவர் தெரிந்தார்! படம் எடுத்தது அந்தக் கைத்தொலைபேசி இல்லை. நோக்கியா மன்னிப்புக் கேட்டது.

சமூக ஊடகத்தில் வரும் கிண்டல்?

உங்களுக்குப் பிடித்த சமூக ஊடகப் பிரபலம் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கலாய்க்கிறார். அது அவருடைய அனுபவமா? இல்லை, யாராவது பணம் கொடுத்தார்களா?

2015இல் இந்தக் கேள்வி சிங்கப்பூரை உலுக்கியது. சிங்டெல்லின் இளையர் கட்டணத் திட்டத்தை விளம்பரப்படுத்த குஷ்கிளவுட் நிறுவனம் அமர்த்தப்பட்டது. போட்டி நிறுவனங்களான எம்1, ஸ்டார்ஹப் சேவைகளைப் பற்றிக் குறைகூறும்படி பதிவர்களுக்குக் குறிப்பு போயிருந்தது வெளியானது. சிங்டெல் மன்னிப்புக் கேட்டு, குஷ்கிளவுட்டுடனான தொடர்பை முறித்துக்கொண்டது.

அடுத்த ஆண்டே சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் சமூக ஊடக விளம்பரங்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பதிவிட்டால் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். போலி விமர்சனங்கள் கூடாது.

விதிகள் என்ன சொல்கின்றன?

போட்டியாளரோடு ஒப்பிடுவது தவறில்லை. ஒப்பீடு நியாயமாகவும் உண்மையாகவும் இருக்கவேண்டும். விளம்பரங்கள் சட்டத்துக்கு உட்பட்டு, கண்ணியமாக, நேர்மையாக, உண்மையாக இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூர் விளம்பர நெறிமுறையின் அடிப்படை. நகைச்சுவை என்பதற்காகச் சலுகை கிடையாது.

மிகைப்படுத்தலுக்கு இடம் உண்டு. பறக்கும் கைத்தொலைபேசியைக் காட்டினால் யாரும் நம்பப்போவதில்லை. ஆனால், மின்கலம் இத்தனை மணிநேரம் தாங்கும் என்று சொன்னால் அது சரிபார்க்கக்கூடிய கூற்று. நிரூபிக்கும் பொறுப்பு விளம்பரம் செய்பவருடையது.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. சிரிப்பை எடுத்துவிட்டால் விளம்பரம் என்ன சொல்கிறது? ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால், அதில் தகவல் இல்லை என்று அர்த்தம்.

2. ஒப்பிட்டது எதனோடு? தங்களின் புதியதைப் போட்டியாளரின் பழையதோடு ஒப்பிட்டிருக்கலாம்.

3. கீழே உள்ள சிறிய எழுத்து என்ன சொல்கிறது? காணொளியை நிறுத்திப் படியுங்கள். காட்சி சித்திரிக்கப்பட்டது என்று இருக்கலாம்.

4. பெட்டியில் என்ன இருக்கிறது? சார்ஜர், ஹெட்ஃபோன் தனியாக வாங்கவேண்டுமா? விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

5. விளம்பரத்தில் செய்ததை நீங்கள் செய்தால் உத்தரவாதம் செல்லுமா? குறிப்பாகத் தண்ணீர்.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால்?

முதலில் விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். மேலே பார்த்ததுபோல, சில விளம்பரங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வையுங்கள்.

விளம்பரம் தவறாகவோ புண்படுத்தும் வகையிலோ இருந்தால் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் செய்யலாம். விற்பனையில் பிரச்சினை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். பேசித் தீர்க்க முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம். இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. பொருளிலேயே குறை இருந்தால் 'லெமன்' சட்டம் கைகொடுக்கும். வாங்கி 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொதுவாக முதலிலிருந்தே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும்.

நல்ல விளம்பரத்தைப் பார்த்தால் தாராளமாகச் சிரியுங்கள், நண்பர்களுக்கும் அனுப்புங்கள். கடைக்குப் போகும்போது மட்டும் அந்த 5 கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்க.